பாட்டுக்கு அடியில் கிடந்த பேச்சு

தாராபுரம் பைபாஸில், மின்சாரக் காத்தாடி இறக்கைகளை ஏற்றிக்கொண்டு போகிற நீள லாரிகள் மூச்சை அடக்கித் திரும்புகிற வளைவில், புஷ்ரா கார் ஆடியோஸ் என்று பலகை மாட்டிய கடையின் மேசைமேல், ஒரு வெள்ளைக் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த கம்பெனி பாட்டு செட், விளக்கு எரியாமல், எழுத்துத் தெரியாமல், ஸ்பீக்கரும் மாட்டாமல், செத்துப் பதினான்கு மாதமான ஒரு பெண்ணின் குரலில், "ஏனுங்க, பசிக்குதுங்க" என்றது. கடைக்காரர் சர்புதீன் டேஷ்போர்டு ஓட்டைக்குள் விட்டிருந்த தலையை எடுக்காமலே, "யாருங்கக்கா, டீக்கடை எதுத்தாப்புலங்க" என்று குரல் கொடுத்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் காரில் விழுந்திருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன், யோசிக்காமல், பழக்கத்தில், "ம்" என்றார்.

"அந்தக் கடையத் தாண்டிட்டீங்க" என்றது செட். "இந்தக் கடையும் போச்சு."

அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சென்னியப்பன் கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். மாட்டு வாயைப் பிளந்து மூங்கில் குழாயில் மருந்து ஊற்றி ஊற்றி அவருடைய வலது கை விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அந்தக் காரை வாங்கினார். பதினோரு வருஷம் அதில் அவர் வலது பக்கமும் மனைவி தெய்வாத்தாள் இடது பக்கமும் உட்கார்ந்து பழனிக்கும் காங்கேயத்துக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வந்தார்கள். அவருக்கு வண்டியில் ஏறினால் பாட்டு வேண்டும். தெய்வாத்தாளுக்கு வண்டியில் ஏறினால் பேச்சு வேண்டும். அவர் பாட்டைப் போடுவார், அவள் பேசுவாள், அவர் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவார், அவளும் பேசிக்கொண்டே இருப்பாள், ஊர் வந்துவிடும்.

அவள் போன பிறகு அவர் வழி தவறிப்போக ஆரம்பித்தார். முப்பது வருஷம் போய்வந்த ஊர்களுக்கே வழி தவறியது. வழி சொன்னதெல்லாம் அவள்தான் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. புனேயில் இருக்கும் மகள் சுகந்தி இதைக் கேள்விப்பட்டு, மேப் போட்டு வாயாலேயே வழி சொல்கிற ஒரு டச் ஸ்கிரீன் செட்டைக் கூரியரில் அனுப்பிவைத்தாள். "யாருகிட்டயும் எறங்கி வழி கேக்க வேண்டாம்ப்பா" என்றாள். யாரிடமாவது இறங்கி வழி கேட்பது ஒன்றுதான் சில நாட்களில் அவர் பேசுகிற பேச்சு என்பதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

அந்த செட் அந்தக் காருக்குள் போகமாட்டேன் என்றது. முதல் நாள், வயர்க்கொத்தை இணைக்கிற கப்ளர் சேரவில்லை. கம்பெனிக்காரன் விட்டிருந்த வயர்களின் நிறம் ஒன்றாகவும் புது செட்டின் வயர்களின் நிறம் வேறாகவும் இருந்தது. இரண்டாம் நாள் ஒவ்வொரு வயராக டெஸ்டர் வைத்துப் பார்த்துச் சேர்த்தபோது, வண்டி நிற்கையில் நன்றாகப் பாடிய செட், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கொசு காதுக்குள் நுழைந்த மாதிரி கொய்ங்கென்று அழுதது; இன்னும் மிதித்தால் இன்னும் உயரத்தில் அழுதது. மூன்றாம் நாள் அந்த அழுகையை நிறுத்தியபோது ஸ்டீரிங்கில் இருக்கும் பட்டன்கள் செத்துப்போயின. நான்காம் நாள் ஃப்ரேம் இரண்டு விரற்கடை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு திறந்திருந்தால் அடிக்கிற மணியும், பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணியும், இண்டிகேட்டர் போட்டால் வருகிற டிக்டிக்கும்கூடக் கம்பெனி செட்டுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தன என்பதால், அதைக் கழற்றியதும் வண்டி மொத்தமாக ஊமையாகிவிட்டது.

"இதுக்குன்னு ஒரு பொட்டி இருக்குதுங்ணா" என்றார் சர்புதீன். "கம்பெனி பாசைய இதுக்கும், இது பாசைய கம்பெனிக்கும் சொல்ற பொட்டி. கோயமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கறேன். வந்தாத்தான் ஆகும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் ஓட்டையோடதான் ஓட்டோணும்."

சர்புதீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் மற்ற கடைக்காரர்கள் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, செட்டைப் பிடுங்கி, கப்ளரை நறுக்கி, வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சர்புதீன் அப்படிச் செய்யமாட்டார். செட்டை இழுப்பதற்கு முன்னால் மேசைமேல் இருக்கும் பழைய பேட்டரியிலிருந்து ஒரு மஞ்சள் வயரையும் ஒரு கறுப்பு வயரையும் நீளமாகக் கொண்டுபோய், செட்டின் பின்னால் மெமரிக்கு என்று இருக்கும் ஊசியில் லைன் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கழற்றுவார். பாட்டு வராது, விளக்கு எரியாது. ஆனால் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். "கடியாரம் நின்னு, மணி பன்னண்டுன்னு கண்ணடிச்சா அது கழட்டுனவனுக்கு அசிங்கம்" என்பார். இதைப் பார்த்துச் சிரிக்காத மெக்கானிக் அந்த பைபாஸில் இல்லை. அந்தக் காருக்கு இரண்டு தடவை பேட்டரி மாற்றியதும் அவர்தான். அப்படித்தான் அந்த கம்பெனி செட், பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நொடிகூடத் தூங்காமல், மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அது பேசுவதை அரைமணி நேரம் கேட்டுவிட்டு, சர்புதீன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாட்டு ஓடறப்ப அக்கா பேசுனதெல்லாம் இதுக்குள்ள கெடக்குதுங்ணா. பாட்டு மேல கெடந்துச்சு, பேச்சு அடியில கெடந்துச்சு. இப்பப் பாட்ட எடுத்துட்டோம்."

கம்பவுண்டருக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாட்டின் வயிற்றில் மேலே நுரையும் அடியில் தீனியும் கிடப்பதைப் பார்த்தவர் அவர்.

சில நாட்களில் அதன் குணம் தெரிந்துபோயிற்று. கார் வாங்கிய முதல் வாரத்திலிருந்து வரிசையாகப் பேசியது. ஒருமுறை பேசியதை மறுபடி பேசவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னவை மட்டுமே அதில் இருந்தன. பாட்டு நின்றபோது சொன்னவை காதோடு போயிருந்தன. சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்தால் பேசும். அவர் எழுந்தால் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டு, அவர் உட்காரும்வரை பொறுத்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் ஞாவகம் வெச்சுக்கோங்ணா" என்றார் சர்புதீன். "இந்த மஞ்ச வயர் ஒரு நிமிசம் விட்டுப்போச்சுன்னாலும் உள்ள இருக்கறது அத்தனையும் போயிரும். அப்புறம் பன்னண்டு மணிதான் கண்ணடிக்கும்."

பதினோரு வருஷப் பேச்சும் சென்னியப்பனுக்கு வேண்டும்தான். ஆனால் அவர் மனசு ஓடியது ஒரே ஒரு பேச்சுக்கு. கடைசி நாள், நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று சொன்னவளை முன்சீட்டில் உட்காரவைத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பயத்தை மறைக்கப் பாட்டைப் போட்டார். குண்டடம் தாண்டியபோது அவள் என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். பல்லடம் சிக்னலில் கண்ணை மூடியவள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் திறக்காமலே இருந்து போய்விட்டாள். பதினான்கு மாதமாக அவர் சோற்றில் கை வைக்கும்போதும், செருப்பைக் கழற்றும்போதும், அந்த உதட்டசைவு வந்து நின்றது. என்ன சொன்னாள்? அது இப்போது இந்த மேசைமேல், இந்தத் தகரப் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது.

அவர் தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

தெய்வாத்தாள் பேசினாள். குண்டடம் காட்டில் காத்தாடி எண்ணினாள். நூற்று நாலு என்றாள், திரும்பி வரும்போது நூற்று ஆறு என்றாள், "போறப்ப ரெண்டு ஒளிஞ்சிருந்துச்சுங்களாட்டிருக்குது" என்றாள். ரோட்டோரத்து வீடுகளுக்கு அடித்திருந்த பெயிண்டைத் திட்டினாள். அவருடைய தங்கச்சி வீட்டில் கொடுத்த காப்பியை, மாடு கழுவின தண்ணி என்றாள். ராமேஸ்வரம் போயும் கூட்டத்தில் கடலையே சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை கடலுக்குக் கூட்டிப்போங்கள் என்றாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி, அவருடைய குரலும் வந்தது: "ம்."

எதிர்த்த டீக்கடை ராஜாமணி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வந்து நின்று கேட்ட அன்று, செட் இப்படிப் பேசியது:

"ஏனுங்க, நாளைக்கு நான் ஒருத்தங்கூட ஓடிப்போலாம்னு இருக்கறனுங்க."

"ம்."

"அவன் உங்களவிட ஒசரமுங்க."

"ம்."

"ரெண்டு சீலையும் எடுத்து வெச்சுட்டேன்."

"ம்... செரி."

ராஜாமணி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. "கம்பவுண்டருங்க, அக்கா ஓடிப்போகாம இருந்ததே பெருசுங்க" என்றாள். சென்னியப்பனும் சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது அந்தச் சிரிப்பு அவர் கையில் சுடுகஞ்சியாக ஊற்றியது.

ராஜாமணி வழியாக ஊருக்குத் தெரிந்தது. ஊர் அதை, ரேஷன் கடையில் புதுப் பருப்பு வந்திருக்கிறது என்பதைப் போல எடுத்துக்கொண்டது. பூக்கட்டுகிற பெண்கள் நூலையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார்கள். தெய்வாத்தாள் யாரையாவது வாரினால், வாரப்பட்டவருக்குச் சாயங்காலத்துக்குள் சேதி போனது. ரைஸ்மில் முதலாளி மீசை கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறது என்று ஏழு வருஷத்துக்கு முன் அவள் சொன்னது வெளியே வந்த மறுநாள் அவர் மீசையை எடுத்துவிட்டார். காலேஜிலிருந்து ஒரு எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் மீட்டரோடு வந்து, இதற்கு வாய்ப்பே இல்லை என்று நிரூபித்துவிட்டு, மீதியையும் கேட்டுவிட்டுப் போக ஒரு ஸ்டூல் கேட்டார்.

பேட்டரிதான் கவலையாக இருந்தது. சர்புதீனின் பழைய பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காது, கரண்டை நம்ப முடியாது. அதற்கும் ஊரே ஒரு ஏற்பாடு செய்தது. கடை ஷட்டரில் சாக்பீஸால் முறை எழுதினார்கள். திங்கட்கிழமை டிராக்டர் பேட்டரி, செவ்வாய் பள்ளிவாசல் மைக்செட் பேட்டரி, புதன் மாரியம்மன் கோயில் சப்பரத்து பேட்டரி, வியாழன் அமரர் ஊர்தி பேட்டரி, வெள்ளி லாரி புக்கிங் ஆபீஸ் இன்வெர்ட்டர் பேட்டரி என்று, பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். புதியதை மாட்டிய பிறகே பழையதைக் கழற்றினார்கள்.

கார் வைத்திருந்தவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் செட்டையும் உங்கள் வழக்கப்படியே கழற்றிக் கொடுங்கள் என்று வந்தார்கள். ஒரு டாக்டர் தன் செட்டைக் கேட்டுவிட்டு, மறுநாளே டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு அக்கா தன் பிள்ளைகள் பின்சீட்டில் பேசியதைக் கேட்டுவிட்டு, செட்டைப் பேட்டரியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஞ்சு வியாபாரி நல்லசிவத்தின் ஜீப் செட்டைக் கழற்றி மஞ்சள் வயர் கொடுத்து மேசையில் வைத்தபோது, அது ஒன்றுமே பேசவில்லை. மூன்று நாள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பேருங்களா பாய்?"

"இல்லீங்க முதலாளி. செட் நல்லா இருக்குது."

ஆறு வருஷமாக அந்த ஜீப்பில் நல்லசிவத்தின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. இறங்கிப் போய் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, "சனி, ஞாயிறு ரெண்டும் என்னோட மொறைன்னு எழுதிக்கோங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு நாளும் தவறாமல் வந்து, தெய்வாத்தாள் பேசுவதைத் தள்ளி நின்று கேட்டுவிட்டுப் போனார்.

சென்னியப்பன் பதில் சொல்லப் பார்த்தார். செட் நிற்காது, அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடும், அவர் குரலே அவள் குரலை மறைத்துவிடும். இதை ஏற்கெனவே பதினோரு வருஷம் செய்தாகிவிட்டது என்று அவருக்கு உறைத்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். பதில் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து நிற்பார். செட் நிற்கும். நின்றபடியே பதிலைச் சொல்லிவிட்டு உட்காருவார். செட் தொடரும்.

"சுகந்தி போன் பண்ணி அஞ்சு நாளாச்சுங்க. நாமளா பண்ணுனா வேலைக்குத் தொந்தரவும்பா."

எழுந்தார். "இப்பவும் அப்படித்தான் தெய்வா." உட்கார்ந்தார்.

"நம்மள்ல யாரு மொதல்ல போறதுங்க? நான் போனா உங்களுக்குச் சோறாக்கத் தெரியாது. நீங்க போனா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

எழுந்தார். "ஆக்கப் பழகிட்டேன். கொழம்புதான் இன்னும் வரல." உட்கார்ந்தார்.

எழுபது வயசு மனுஷர் எழுவதும் உட்காருவதுமாக இருப்பதைப் பார்த்து அந்த வாசலில் யாரும் சிரிக்கவில்லை. பூக்கட்டுகிற பெண்கள் நூலைப் பல்லில் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுகந்தி ஒருநாள் போனில், "அப்பா, செட்ட மாட்டிட்டீங்களா?" என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் போனைச் செட்டுக்கிட்டப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். அங்கே உஸ் என்று காற்றுச் சத்தம் மட்டுமே கேட்டது என்றாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?"

"ரோட்டுல போற ஒவ்வொரு ஸ்கூல் பிள்ளையையும் பாத்து, நம்ம சுகந்தி ஜடை இதவிட நீளம்ங்கறா."

"நான் முடிய வெட்டி எட்டு வருசமாச்சுப்பா."

"அது அவளுக்கும் தெரியும் சாமி."

ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை அமரர் ஊர்திக்கு அவசரம் வந்தது. பழனி ரோட்டில் ஒரு சாவு. டிரைவர் நனைந்துகொண்டே வந்து, பேட்டரியைக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு வாசலில் நின்றார். "எடுத்துட்டுப் போங்க, அவங்களும் காத்திருப்பாங்க" என்று சென்னியப்பனே சொன்னார். சர்புதீன் தன் பழைய பேட்டரியை மாட்டிவிட்டு ஊர்திப் பேட்டரியைக் கழற்றினார். மழை ஈரத்தில் பழைய பேட்டரியின் முனை உப்புப் பூத்துப்போய் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தெய்வாத்தாளின் குரல் இழுத்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், ஆழத்துக்குப் போகிற மாதிரி, ஆண் குரலாகி, உறுமலாகி, தேய்ந்தாள். சர்புதீன் "யா அல்லா, லைன், லைன்!" என்று கத்தினார். எல்லோரும் ஓடினார்கள்; எங்கே ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜாமணிதான் தன் மொபெட்டை மழையில் தள்ளிக்கொண்டு வந்து, டயர் சேற்றோடு கடைக்குள் ஏற்றி, "இதுல லைன் எடுங்க பாய்!" என்றாள். மஞ்சள் வயர் மொபெட் பேட்டரியைத் தொட்டதும் தெய்வாத்தாள் மூச்சுவிட்டாள். ஆனால் அவள் இப்போது சித்திரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்று மாதம் போய்விட்டது.

அந்த மூன்று மாதத்துக்காக சென்னியப்பன் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கடைசியில் இருப்பதும் இப்படிப் போயிருந்தால் என்று நினைத்து, அன்றிலிருந்து பேட்டரி முனைகளைத் தினமும் தானே துடைத்தார்.

கார்த்திகை பிறந்தபோது பேச்சு கிட்டே வந்துவிட்டது. போன வருஷத்துக்கு முந்தின கல்யாணங்கள், அதற்குப் பிறகு இடது தோள்பட்டை வலி, அதற்குப் பிறகு நடந்தால் இளைக்கிறது என்கிற பேச்சு. அவளுடைய வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டு வந்தன. ஒரு சனிக்கிழமை, "நாளன்னைக்கு வளையக்காரர் வீட்டுக் கண்ணாலத்துக்கு அந்தப் பச்சைச் சீலை கட்டறனுங்க" என்றாள். சென்னியப்பன் எழுந்துவிட்டார். அந்தப் பச்சைச் சேலையை அவள் கட்டவேயில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எழுந்தவர் உட்காராமல் வீட்டுக்குப் போனார். மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. சர்புதீன் போன் பண்ணவில்லை. கோயமுத்தூரிலிருந்து அந்தப் பாஷைப் பெட்டி வந்து சேர்ந்ததைக்கூடச் சொல்லவில்லை. ஷட்டரில் எழுதியிருந்த முறைப்படி பேட்டரிகள் மட்டும் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவள் பேசமாட்டாள். கேட்காவிட்டால் அவள் சொன்னது அவருக்குக் கடைசிவரை தெரியாது. மூன்று நாளும் அவர் குழம்பு வைத்தார். மூன்றும் நன்றாக வரவில்லை.

நான்காம் நாள் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ராஜாமணி டீக்கடை ரேடியோவை அணைத்தாள். பக்கத்துக் கடையில் புரோட்டா கொத்துகிறவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நிறுத்தினார். சர்புதீன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தானும் வெளியே போய் நின்றுகொண்டார்.

சென்னியப்பன் உட்கார்ந்தார்.

"குண்டடம் வந்துருச்சுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"ம்."

"காத்தாடி ஒண்ணுகூடச் சுத்தல பாருங்க இன்னைக்கு."

"ம்."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பாட்டக் கொஞ்சம் கொறைங்களே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவ்வளவுதான்.

அவர் காத்திருந்தார். செட் சூடு ஆறிக்கொண்டிருந்தது. பேட்டரி நிறைய இருந்தது, மஞ்சள் வயர் இறுக்கமாக இருந்தது, எதுவும் அறுந்துபோகவில்லை. பேச்சு தீர்ந்துவிட்டது. அவர் அன்றைக்குச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். குறைத்த பிறகு அவள் சொன்னது பாட்டுக்கு அடியில் விழவில்லை, அவர் காதில்தான் விழுந்தது: ஒண்ணுமில்லீங்க. அதற்கப்புறம் பல்லடம் வரைக்கும் அவர் பாட்டே போடவில்லை. அத்தனை தூரமும் வண்டிக்குள் சத்தம் இல்லாமல் இருந்தது. அவள் பேச இடம் இருந்தது. அவர் இன்னொரு தடவை என்னவென்று கேட்டிருக்கலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஷட்டருக்குக் கீழே பத்திருபது கால்கள் தெரிந்தன. சென்னியப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு குனிந்து வெளியே வந்தார்.

"கேட்டுச்சுங்களாண்ணா?" என்றார் சர்புதீன்.

"கேட்டுச்சு."

பேட்டரி தூக்கின கைகள் எல்லாம் அங்கே இருந்தன. பள்ளிவாசல்காரரும், கோயில்காரரும், நல்லசிவமும், மொபெட்டைக் கொடுத்த ராஜாமணியும். அவர்கள் நாலு மாதமாகக் காத்திருந்தார்கள்.

"வேளைக்குச் சாப்பிடச் சொன்னா" என்றார் சென்னியப்பன்.

ராஜாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பின்ன, அக்கா வேற என்ன சொல்லும்" என்றாள். எல்லோருக்கும் முகம் லேசாயிற்று. நல்லசிவம் தன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் புது செட் ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. பெட்டி வழியாகக் கப்ளர் டக்கென்று சேர்ந்தது. ஃப்ரேம் வாயை மூடிக்கொண்டது. ஸ்டீரிங் பட்டன்கள் பிழைத்தன. கதவு மணி அடித்தது, இண்டிகேட்டர் டிக்டிக் என்றது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் அழுகை இல்லை. திரையில் ஒரு பொண்ணு, எந்த ஊர்ப் பேச்சும் இல்லாத குரலில், எங்கே போக வேண்டும் என்று கேட்டது.

"பழச என்னங்ணா பண்றது?" என்றார் சர்புதீன். "லைன் இன்னும் இருக்குது."

"கழட்டிருங்க பாய்."

சர்புதீன் கை வைக்கவில்லை. சென்னியப்பனே சாய்ந்துபோன விரல்களால் மஞ்சள் வயரை உருவினார்.

வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேராகக் குண்டடம் ரோட்டில் விட்டார். பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது. திரும்புங்கள், திரும்புங்கள் என்று அந்தப் பொண்ணு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வேறு வழியைக் கணக்குப் போட ஆரம்பித்தது. குண்டடம் தாண்டியது. இரண்டு பக்கமும் காத்தாடிகள் நல்ல காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் ஸ்டீரிங் பட்டனை அழுத்தினார். திரையில் எண்கள் இறங்கின; இருபது, பதினேழு, ஒன்பது, நாலு, பூஜ்யம்.

இன்ஜின் சத்தம் கேட்டது. டயருக்கு அடியில் ரோடு கேட்டது.

"கொறச்சுட்டேன்" என்றார். "என்ன சொல்ல வந்தே தெய்வா?"

பல்லடம் முப்பது என்று ஒரு கல் வந்தது. "என்ன, சொல்லு" என்றார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. பல்லடம் இருபத்தொன்பது. மறுபடியும் கேட்டார்.